ராக்லன் ஸ்வெட்டர்: அக்குளில் ஓட்டை

கேள்வி: கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ராக்லன் (கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்கோட்டில் கை இணையும்) ஸ்வெட்டர். கைக்கண்ணிகளை (கைக்கான பின்னல் வளையங்களை) வேறு நூலில் கோத்து நிறுத்திவிட்டு, அக்குளில் 8 கண்ணி புதிதாகப் போட்டு உடலை முடித்தாயிற்று. இப்போது கைக்குக் கண்ணி எடுத்தால் இரு மூலையிலும் ஓட்டை. என்ன செய்யலாம்?

பதில் 1: 8-க்கு 8 மட்டும் எடுத்தால் ஓட்டை விழத்தான் செய்யும். உடலும் கையும் பிரியும் இடத்தில் நூல் இழுபடுகிறது. மூலைக்கு ஒன்று கூட்டி 10 எடுங்கள். அடுத்த சுற்றில் அந்தக் கூடுதல் கண்ணியைப் பக்கத்துக் கைக்கண்ணியோடு சேர்த்து ஒன்றாகப் பின்னிவிடுங்கள்.

பதில் 2: ஆமாம், ஆனால் மூலையில் கிடக்கும் குறுக்கு நூலை முறுக்கி எடுக்கணும். முறுக்காமல் எடுத்தால் ஓட்டைக்கு மேல் ஓட்டைதான்! சுற்றை அக்குளின் நடுவில் தொடங்குங்கள்.

பதில் 3: கையைத் தொடங்கும்போது 20 செ.மீ. நூல் மிச்சம் விடுங்கள் அக்கா. மிச்ச இடைவெளியை உள்பக்கமாகத் தைத்துவிடலாம். பருத்தி நூலுக்கு இது கட்டாயம். கம்பளி மாதிரி அலசியதும் உப்பி அடைத்துக்கொள்ளாது.