ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு ஷேர் மார்க்கெட் வகுப்பு தேவையா?

மதுரை_அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. அவ ஸ்கூல்ல சனிக்கிழமை தோறும் "நிதி அறிவு" வகுப்பு நடத்தப் போறாங்களாம். வெளியில இருந்து ஒரு கம்பெனி வந்து நடத்துது, ஃபீஸ் தனி. நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். பட்ஜெட் போடுறது, சேமிப்பு, அப்புறம் ஒரு ஆப்ல பொய்ப் பணம் ஒரு லட்சம் கொடுத்து ஷேர் வாங்கி விற்கச் சொல்லிக் கொடுக்கிறது. கடைசியில யார் அதிகம் லாபம் பார்த்தாங்களோ அவங்களுக்கு மெடல்.

வீட்டுக்காரர் சேர்த்துவிடச் சொல்றார். "நமக்கு யாரும் சொல்லித் தரலை, இவளாவது கத்துக்கட்டும்"ங்கிறார். மாமனார் ரிட்டையர்டு தமிழாசிரியர். "படிப்புங்கிறது மனுஷனை மனுஷனாக்க. பன்னிரண்டு வயசுல காசு எண்ணப் பழக்கினா அப்புறம் எல்லாத்தையும் காசாத்தான் பார்ப்பா"ங்கிறார். ரெண்டு பேர் சொல்றதிலும் எனக்கு நியாயம் தெரியுது, ரெண்டிலும் ஏதோ இடிக்குது. பிள்ளைங்களுக்குப் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கணுமா? கொடுக்கணும்னா எதை?

---

கவுன்ட்டர்_நம்பர்_4 எழுதியது:

பேங்கில் கேஷியராக இருந்தவன் என்கிற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014லேயே சொல்லிவிட்டது. கூட்டிக்கொண்டு போய் ஒரு கணக்கு திறந்து கொடுங்கள், செலானை அவளே எழுதட்டும். ஆப்பும் மெடலும் வேண்டாம். ஷேர் விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போட்டுப் பந்தயம் கட்டுகிற எஃப் அண்ட் ஓ வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே 2024 செப்டம்பரில் கணக்குக் காட்டியது. அதற்கு ஆள் பிடிக்கும் வேலையைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஆரம்பிக்க வேண்டுமா?

---

சிவகாசி_டீச்சர் எழுதியது:

நான் சிவகாசிப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவள்ம்மா. உங்கள் மாமனார் கட்சியா, வீட்டுக்காரர் கட்சியா என்று கேட்டால் நான் இரண்டிலும் இல்லை. ஏனென்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2021 டிசம்பர் 1ஆம் தேதி தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. எங்கள் ஊரில் அது பெரிய செய்தி. அதற்கு முன்னால் 2007இல்தான் ஐம்பது பைசாவிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏறியிருந்தது. நடுவில் 14 வருஷம் அசையவே இல்லை. பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்து, "அரிசி ஏறுச்சு, பஸ் டிக்கெட் ஏறுச்சு, இது மட்டும் ஏன் இத்தனை வருஷம் ஏறலை?" என்று கேட்டேன். அன்றைக்குப் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

முதலில் ஒரு பையன், "ஒரு கம்பெனி மட்டும் ஏத்தினா கடைக்காரர் அடுத்த கம்பெனி பெட்டியை வாங்கி அடுக்கிருவார் டீச்சர்" என்றான். பெட்டிக்கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை அவன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "ஒன்றரை ரூபாய்னு போட்டா மிச்சம் ஐம்பது பைசாவை யார் கொடுப்பா?" என்றாள். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு கூர்மையான பதில்! ஐம்பது பைசா புழக்கத்தில் இல்லாத ஊரில் ஒரு ரூபாய்க்கு அடுத்த விலை இரண்டு ரூபாய்தான். அதாவது ஒரே தாவில் இரட்டிப்பு. அதனால்தான் மெழுகும் பாஸ்பரசும் அட்டையும் விலை ஏறிக்கொண்டே போனாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எல்லா உற்பத்தியாளர்களும் கூடிப் பேசி ஒரே நாளில் ஏற்றினார்கள். "எல்லாரும் சேர்ந்து விலை வைக்கிறது தப்பில்லையா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்கே தனியாக ஒரு பீரியடு போனது. அப்புறம் விலை மாறினால் வாங்குவது எவ்வளவு மாறும் என்கிற "தேவை நெகிழ்ச்சி" பாடத்துக்கு நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்த வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எனக்கு மறக்காத கேள்வி இன்னொன்று. "பெட்டி ரெண்டு ரூபாய் ஆயிடுச்சுல்ல, எங்கம்மாவுக்கு குரோசுக்குக் கூலி ஏறுமா?" குரோஸ் என்றால் 144 பெட்டி. குரோசுக்கு இவ்வளவு என்றுதான் பெட்டி ஒட்டுகிறவர்களுக்குக் கூலி. எனக்குத் தெரியாதும்மா, வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். வந்தார்கள். சிலர் வீட்டில் ஏறியிருந்தது, பலர் வீட்டில் இல்லை. ஏன் வித்தியாசம் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. ஒன்றரை வருஷம் கழித்து, 2023 ஜூனில், இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. அந்த வருஷத்துப் பிள்ளைகளிடம் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? தீப்பெட்டி ஊர்ப் பிள்ளைகளாக இருந்தும் "லைட்டர் வாங்குறவங்களுக்கு நஷ்டம்தானே" என்று சொல்ல இரண்டு பேர் எழுந்தார்கள். சொந்த ஊர் ஆதாயத்தைத் தள்ளி வைத்துப் பார்க்க ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், நான் சம்பளம் வாங்கியதற்கு அது போதும்.

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஒரு ஆங்கிலேயர் பொருளியல் பேராசிரியராக வந்தார். இங்கிலாந்துப் புத்தகத்தை மனப்பாடம் செய்யும் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமங்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், யாருக்குக் கடன், என்ன வட்டி, கூலி நெல்லாகவா காசாகவா என்று விசாரித்து எழுதினார்கள். 1918இல் அது நூலாக வந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் எல்லாம் அதில் உண்டு. எங்கள் பக்கத்து வடமலாபுரமும் உண்டு! 1930களில் அதே பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த பி.ஜே. தாமஸ் காலத்தில் அதே ஊர்களுக்கு மறுபடி போய்ப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முதல் வரி எழுதியது கல்லூரிப் பையன்கள். அவர்கள் கையில் ஒரு லட்சம் பொய்ப் பணம் யாரும் கொடுக்கவில்லை.

உங்கள் பெண் அந்த ஆப்பில் ஒரு பிஸ்கட் கம்பெனி ஷேரை வாங்கி விற்கக் கற்றுக்கொள்வாள். நீங்கள் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் எத்தனை கிராம் என்று பார்த்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சில மாதம் விட்டு மறுபடி பார்க்கட்டும். விலை மாறாமல் பிஸ்கட் மெலியும் வித்தை அவளுக்கே பிடிபடும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5 ஆனது. பென்சில், ரப்பர், நோட்டுக்கு வரியே இல்லை என்று ஆனது. அந்தக் குறைப்பு கடைக்காரரிடம் நின்றதா, கம்பெனியிடம் நின்றதா, உங்கள் வீடு வரை வந்ததா? பழைய பில் கிடைத்தால் கொடுத்துப் பாருங்கள். தான் மிட்டாய் வாங்கினாலும் அரசாங்கத்துக்கு வரி கட்டுகிறோம் என்று தெரிகிற பிள்ளை, "ரோடு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்கிற தொனியே வேறாக இருக்கும்.

மாமனார் பயத்தை நான் சும்மா ஒதுக்கவில்லை. எல்லாவற்றையும் காசாகப் பார்க்கிற பழக்கம் வரத்தான் செய்யும், "யார் அதிகம் லாபம்" என்று மெடல் கொடுத்தால்.

---

சாத்தூர்_தம்பி எழுதியது:

டீச்சர் எழுதினது படிக்க நல்லாருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுல பொருளாதாரத்தை யாரும் பாடமா நடத்தலை. வட்டிக்காரர் வாசல்ல வண்டியை நிறுத்துற சத்தம் கேட்டா அம்மா இல்லைன்னு சொல்லணும்னு அஞ்சு வயசுலயே தெரியும். எங்கம்மா தலைமுறை பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசுல தீப்பெட்டி ஆபீஸ்ல உக்காந்திருந்தவங்க. சிவகாசிப் பிள்ளைங்க விஷயத்துல 1996ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்துச்சு, வேலைக்கு வச்ச முதலாளி ஒரு பிள்ளைக்கு இருபதாயிரம் கட்டணும்னு. அந்த மாதிரி ஊர்ல படிப்பு எதுக்குன்னா தப்பிச்சுப் போறதுக்கு. நான் மார்க்கு வாங்கினேன், போயிட்டேன், இப்ப சென்னையில வேலை. குரோசுக் கூலி எவ்வளவுன்னு கணக்கெடுத்துட்டு இருந்தா நான் போயிருப்பேனா? கிராம் எண்ணுறதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைங்களுக்கு விளையாட்டு.

---

சிவகாசி_டீச்சர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். மார்க் வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வருஷா வருஷம் ரிசல்ட் கேட்டு எனக்கும் மேலிடத்திலிருந்து போன் வரும்.

ஆனால் வட்டிக்காரர் வண்டிச் சத்தம் தெரிவதும் வட்டி தெரிவதும் வேறு. தண்டல் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். பத்தாயிரம் கடன், முன்பிடித்தம் போக கையில் 8,500, தினம் நூறு வீதம் நூறு நாள். இது எத்தனை வட்டி என்று கேட்டால் வகுப்பு முழுக்க "15 சதவீதம்" என்று கத்தும். பேங்கில் நகைக் கடன் இதைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்றுகூட ஒருத்தி சொன்னாள். போர்டில் நாள் நாளாகக் கழித்துக் காட்டினேன். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் கையில் சராசரியாக இருப்பது 4,250 தான். அதற்கு நூறே நாளில் 1,500 போகிறது. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். வகுப்பில் சத்தமே இல்லை. கந்துவட்டிக்கு எதிராக 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது என்று அப்புறம் சொன்னபோது, "அப்போ போலீஸ்ல சொல்லலாமா?" என்றான் ஒருவன். "சொன்னா அடுத்த தடவை யார் கொடுப்பா?" என்றாள் அடுத்த பெஞ்சுப் பெண். இரண்டு பேர் கேட்டதும் சரியான கேள்விதான். இதை எந்த வசதியான வீட்டுப் பிள்ளை விளையாட்டாகக் கேட்கும், சொல்லுங்கள்.

நீங்கள் தப்பித்துப் போனதில் எனக்குச் சந்தோஷம். போகாமல் அங்கேயே இருக்கிற முப்பது பேருக்கும் சேர்த்துத்தான் நான் பாடம் எடுத்தேன்.

---

சாத்தூர்_தம்பி எழுதியது:

அந்த 15 சதவீதக் கணக்கை நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைச்சிருந்தேன் டீச்சர். மத்ததுல எனக்கு இன்னும் ஒப்பல. ஊர்ப் பள்ளிக்கூடத்துல உங்களை மாதிரி எத்தனை பேர் இருக்காங்க? நல்ல டீச்சரை நம்பித்தான் ஒரு முறை நிக்கும்னா அது முறையே இல்லை.

---

மதுரை_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை வகுப்புல சேர்க்கலை. வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம். பிஸ்கட் நோட்டு ஆரம்பிச்சாச்சு, மாமனாரே கண்ணாடியை மாட்டிக்கிட்டு கிராம் வாசிச்சுச் சொல்றார்! ஆனா டீச்சர், ஒரு சிக்கல். நேத்து சாப்பிடும்போது "அப்பா சம்பளம் எவ்வளவு? நம்ம வீட்டுல வேலை செய்யற அக்காவுக்கு எவ்வளவு குடுக்கறோம்? ஏன் இவ்வளவு வித்தியாசம்?"னு கேட்டுட்டா. அக்கா அப்ப சமையல்கட்டுலதான் இருந்தாங்க. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுருச்சு. என்ன சொல்றது?

---

சிவகாசி_டீச்சர் எழுதியது:

அந்த அக்கா முன்னால் பதில் வேண்டாம், அவர் வீட்டுக்குப் போன பிறகு சொல்லுங்கள். ஆனால் இரண்டு தொகையையும் மறைக்காமல் சொல்லுங்கள்ம்மா. "பெரியவங்க விஷயம்" என்று மூடிவிட்டால் அடுத்த கேள்வி உங்களிடம் வராது.

ஏன் வித்தியாசம் என்பதற்கு "அப்பா படிச்சவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அந்த அக்கா ஏன் படிக்கவில்லை, எத்தனை வீட்டில் வேலை பார்க்கிறார், லீவு போட்டால் நீங்கள் கூலி பிடிப்பீர்களா, அப்பாவுக்குப் பிடிப்பார்களா, கடைசியாக எப்போது கூட்டிக் கொடுத்தீர்கள் என்று எல்லாம் பேச வேண்டி வரும். உங்களுக்கே சில பதில் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

அப்பாவின் சம்பளச் சீட்டையும் எடுத்துக் காட்டுங்கள். பிடித்தம் பக்கத்தையும் சேர்த்து. பி.எஃப். என்றால் என்ன, அந்த அக்காவுக்கு ஏன் அது இல்லை என்று கேட்பாள். அதற்கு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து உட்காருங்கள், வீட்டுக்காரரும் கூட இருக்கட்டும்.