மறு: ரெக்ஸ் பெகோனியா: ‘இலைப்பதியம்’ சரியான சொல்தானா?

அன்புள்ள குழுவினருக்கு,

அழகிலைச் செடிகளுக்கான நம் சொற்பட்டியலில் ‘லீஃப் கட்டிங்’ (இலையை நட்டுப் புதுச்செடி எடுக்கும் முறை) என்பதற்கு ‘இலைப்பதியம்’ என்று போட்டிருக்கிறோம். வண்ண இலைக்காக வளர்க்கும் ரெக்ஸ் பெகோனியாவுக்கு வரும்போது அது உதைக்கிறது. பதியம் என்றால் கிளையைத் தாய்ச்செடியிலிருந்து பிரிக்காமல் வளைத்து மண்ணில் புதைப்பது. வேர்விட்ட பிறகே வெட்டுவோம். மல்லிகையில் செய்வது அதுதான். ரெக்ஸிலோ இலையை முதலிலேயே அறுத்துவிடுகிறோம். அதற்கு வேரும் இல்லை, தண்ணீர் தரத் தாயும் இல்லை. ஈரம் காக்க மூடிபோட்ட பெட்டி தேவைப்படுவது அதனால்தான். ‘பதியம்’ என்று படித்தவர் பெட்டியில்லாமல் சன்னலோரம் வைப்பார்; இலை ஓரம் சுருண்டு காயும்.

பாடநூல்களில் ‘போத்து நடுதல்’ (கிளையை வெட்டி நட்டு வேர்பிடிக்க வைப்பது) இருக்கிறது. ‘இலைப்போத்து’ எனலாமா?

---

> ‘இலைப்போத்து’ எனலாமா?

பதியத்தை நீக்குவது சரி. ஆனால் போத்து என்றதும் முருங்கைக் கிளைதான் கண்முன் வருகிறது. இலைக்குப் போய் அந்தப் பெயரா? இலங்கையில் ‘வெட்டுத்துண்டம்’ என்கிறார்கள். அதையொட்டி ‘இலைத்துண்டம்’ எனலாமே.

---

> ‘இலைத்துண்டம்’ எனலாமே.

ஐயா, துண்டம் என்றால் இலையை எங்கே வேண்டுமானாலும் நறுக்கலாம் என்றாகிவிடும். ரெக்ஸில் புதுச்செடி கிளம்புவது நரம்பு வெட்டுப்பட்ட இடத்தில். தடித்த நரம்பு இல்லாத ஓரத்துண்டு பெரும்பாலும் அழுகித்தான் போகும். ஆகவே ‘நரம்புப்போத்து’ என்பது என் பரிந்துரை. போத்து கிளைக்கு மட்டுமே உரியது என்று பிடிவாதம் வேண்டாம். வெட்டி நட்டு வேர்பிடிக்க வைப்பதுதான் அதன் சாரம்.

செய்முறையையும் பதிவிலேயே சேர்க்கலாம். முற்றி மஞ்சளாகாத, நன்கு விரிந்த இலையை எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் ஆப்பு வடிவில் 3–4 செ.மீ. துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முதன்மை நரம்பு ஓட வேண்டும். ஆப்பின் கூர்முனை காம்புப் பக்கம் இருந்த முனையாக இருக்கட்டும். அதுவே கீழே போக வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் வராது, பலரும் சறுக்குவது இங்கேதான். மூன்றில் ஒரு பங்கு புதைந்தால் போதும்.

நடும் ஊடகம் தென்னைநார்க்கழிவும் பெர்லைட்டும் (நீர் தேங்காமல் காக்கும் வெண்மணி) சரிபாதி. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு இளவேரைக் கருக்கிவிடும். கையில் அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. பெட்டியை மூடி, வெளிச்சம் உண்டு வெயில் இல்லை என்ற இடத்தில் 21–24 டிகிரியில் வைத்தால் 3–4 வாரத்தில் வேர், 6–8 வாரத்தில் குருத்து. மூடிய பெட்டியில் நேர்வெயில் பட்டால் இலை வெந்துவிடும். வெட்டு விளிம்பு பழுப்பாகிக் குழைந்தால் ஈரம் மிகுதி: அந்தத் துண்டை எறிந்துவிட்டு, தினமும் சில நிமிடம் மூடியைத் திறந்து வைக்க வேண்டும்.

---

> ‘நரம்புப்போத்து’ என்பது என் பரிந்துரை.

ஏற்கலாம். ஆனால் இலையை நறுக்காமல் முழுதாகவே படுக்க வைக்கும் முறையும் உண்டே? அடிப்புறத்தில் முதன்மை நரம்புகளைக் குறுக்கே 2–3 செ.மீ. இடைவெளியில் கீறி, அந்தப் பக்கம் ஊடகத்தில் படிய வைத்துக் கொண்டை ஊசியால் குத்துவது. இலை எழும்பி நின்றால் கீறல் காய்ந்துவிடும், குருத்து வராது. இதற்கு ‘கீறல்போத்து’ எனத் தனிப்பெயர் வேண்டும். ‘இலைப்போத்து’ இரண்டுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும்.

---

மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். ‘இலைப்போத்து’ பதிவில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கிறேன்: பெகோனியாக்களில் ரெக்ஸுக்கும் தரையோடு படரும் மட்டத்தண்டு வகைகளுக்குமே இது பெரும்பாலும் பொருந்தும். வெள்ளிப்புள்ளி மாகுலாட்டா போன்ற மூங்கில்தண்டு வகைகளில் இலை வேர்விட்டாலும் பெரும்பாலும் குருத்து வராது. பல மாதம் வெறும் இலையாகவே நிற்கும். அவற்றுக்கு இரண்டு மூன்று கணுவுள்ள தண்டுப்போத்துதான்.