சித்தாள் ஏன் கடைசிவரை சித்தாளாகவே இருக்கிறார்?

ரசமட்டம் (கேள்வி):

சிவில் டிப்ளமோ முடித்து ஒன்பது வருடமாக சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். இப்போது திருச்சிக்கு வெளியே ஒரு மூன்று மாடி வீட்டு வேலை ஓடுகிறது. எங்களிடம் சித்தாளாக வரும் ஒரு அக்காவுக்கு 26 வருட சர்வீஸ். போன வாரம் மத்தியானம் கொத்தனார்கள் சாப்பிட இறங்கியிருந்த நேரம், மாடிப்படிக்கு அடியில் விட்டுப்போன சின்னச் சுவரில் அவர் தனியாக நின்று பூசிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்தார். சுவர் அதைக் குடிக்கும்வரை பொறுத்தார். பிறகு கரண்டியில் கலவையை அள்ளி மணிக்கட்டைச் சுண்டி அடித்தார், ஒரு பிடி கீழே விழவில்லை. மட்டப்பலகையை வைத்து இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்து முடித்தார். நான் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை நூல் ஒரே சீராக நின்றது.

"யாருக்கா கத்துக் குடுத்தா?" என்றேன். "யாரு குடுப்பா? பாத்துக்கிட்டே இருந்ததுதான்."

பின்பக்கச் சுவரை அவரிடம் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "பொம்பளை கையில கரண்டி குடுத்தா மத்தவனுங்க நாளைக்கு வரமாட்டானுங்கம்மா. சேலை கட்டிக்கிட்டு சாரத்துல எப்படி ஏறும்?" என்கிறார். அவர் இதைச் சொல்லும்போது மூன்று பெண்கள் அதே சேலையோடு, சும்மாடு வைத்து, தலைக்குப் பத்துச் செங்கல் தூக்கிக்கொண்டு மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள். செங்கல் ஒன்று 3 கிலோ வரும். சுமையோடு ஏறலாம், கரண்டியோடு ஏறக்கூடாதா?

எங்கள் சைட்டில் நாள் கூலி கொத்தனாருக்கு 1,100, நிமிந்தாளுக்கு 850, சித்தாளுக்கு 600. நிமிந்தாள் ஆண், சித்தாள் பெண். இருவருமே கையாள்தான்.

என் அம்மாவும் 22 வருடம் சித்தாள். தம்பி 17 வயதில் அதே செட்டில் கையாளாகச் சேர்ந்தான். சாப்பாட்டு நேரத்தில் "டேய், வந்து ரெண்டு வரி செங்கல் வைடா" என்று கூப்பிட்டுப் பழக்கினார்கள். அந்த நேரத்தில் அம்மா தூக்குவாளியோடு எல்லாருக்கும் டீ வாங்கப் போயிருப்பார். மூன்றே வருடத்தில் அவன் கொத்தனார். அதன் பிறகு அவனுக்குக் கலவை சுமந்து கொடுத்தது அம்மாதான். சனிக்கிழமை அவன் கையில் அம்மாவைப் போல இரண்டு பங்கு கூலி. அம்மாவுக்கு அதில் பெருமைதான். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இந்த அக்காவுக்கு நான் என்ன செய்ய முடியும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய மேஸ்திரி:

முப்பது வருசமா செட் வச்சிருக்கேன்மா. மறைக்காம சொல்றேன். சேலை, சாரம் எல்லாம் வாய்க்கு வர்ற பேச்சு. விஷயம் வேற. தொழில் பழகுறப்ப கலவை வீணாகும், கோணலாக் கட்டுன சுவத்தைப் பிரிச்சுத் திரும்பக் கட்டணும். பையனுக்கு அந்த நஷ்டத்தை நாங்க தாங்கிக்கிறோம், நாளைக்கு நம்ம செட்டுல நிப்பான்னு ஒரு கணக்கு. பொம்பளைக்கு யாரும் அப்படித் தாங்குனதில்ல. நானும் தாங்குனதில்ல. அப்புறம் சாயங்காலம் வேலை முடிஞ்சதும் பையன் அரை மணி நேரம் நின்னு பழகிட்டுப் போவான். அதுங்க அடுப்புப் பத்த வைக்க ஓடணும்.

ஆனா உங்க அக்கா ஏற்கெனவே பழகியாச்சு. இனி நஷ்டம்னு சொல்ல ஒண்ணுமில்ல. முதல்ல உள்பூச்சு குடுங்க, வெளிப்பூச்சு வேணாம். உள்ள தப்பு வந்தா சரிபண்ணலாம், வேடிக்கை பாக்குற கூட்டமும் இருக்காது.

கரும்பலகை:

தமிழாசிரியர் என்பதால் சொல் பக்கமாக ஒன்று. 'சித்தாள்' என்பது 'சிற்றாள்' மருவியது. சிறிய ஆள், எடுபிடி. கொத்தனாருக்குக் கூடமாட உதவும் பையனும் சிற்றாள்தான். கடைசி எழுத்துகளைப் பார்த்து இதைப் பெண்பால் விகுதி என்று பலர் நினைக்கிறார்கள். அது விகுதியே அல்ல, 'ஆள்' என்ற முழுச்சொல். பையன்களெல்லாம் படியேறிப் போய்விட, அந்தச் சின்ன இடத்திலேயே நின்றவர்கள் பெண்கள் என்பதால் சொல்லே பெண்ணுக்கு உரியதாகிவிட்டது. சில ஊர்களில் ஆண் கையாளைப் 'பெரியாள்' என்பார்கள். 'கொத்தனார்' என்பதிலோ 'ஆர்' என்ற மரியாதை கூடவே ஒட்டியிருக்கிறது. கொத்தனாருக்குப் பெண்பால் என்ன என்று வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. எனக்கும் தெரியவில்லை.

செங்கொடிக்காரி:

கட்டுமானச் சங்கத்தில் இருக்கிறேன். தோழி, சட்டத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 1976 சம ஊதியச் சட்டம் ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. 1987-ல் திருத்தி, பயிற்சியிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது என்றும் சேர்த்தார்கள். இப்போது அது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. சைட்டில் நடப்பது என்ன? வேலையையே இரண்டாகப் பிரித்து, இது ஆண் வேலை, இது பெண் வேலை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பிறகு 'ஒரே வேலை' எங்கே இருக்கிறது, ஒப்பிட? கலவையின் பதம், தண்ணீரின் அளவு, எந்தச் செங்கல் நனைந்தது எது நனையவில்லை என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்குக் கண்பார்வையிலேயே தெரியும். அதைத் திறமை என்று எழுத எந்த நோட்டிலும் இடமில்லை.

ஜார்க்கண்டில் சுவச் பாரத் கழிப்பறைகள் கட்டக் கொத்தனார் போதவில்லை என்றதும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கொத்தனாருக்கு 'ராஜ் மிஸ்திரி' என்று பெயர். இவர்கள் 'ராணி மிஸ்திரி' ஆனார்கள். பெண்ணால் முடியுமா என்று அதுவரை கேட்டவர்களின் அவசரத்துக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: அவர் பூசுகிற ஒவ்வொரு சதுர அடியையும் தேதி போட்டு எழுதுங்கள், போட்டோ எடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவருடைய பதிவைப் புதுப்பிக்கும்போது தொழில் 'கொத்து வேலை' என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, அவர் கரண்டி பிடிக்கும் நாளில் அவருக்குக் கலவை சுமக்க ஒரு கையாள் வேண்டும். அதை மறந்தால் சுமந்து, பூசி, இரண்டு வேலையும் செய்துவிட்டு 600 வாங்கிப் போவார்.

புதுக்கோட்டையான்:

எங்க ஊர்ல களையெடுக்கப் போற பொம்பளைக்கும் வரப்பு வெட்டுற ஆம்பளைக்கும் கூலி எப்பவும் ரெண்டு விதம். 2005 சட்டத்துல 100 நாள் வேலை வந்தப்பதான் எங்க அப்பத்தா தாத்தாவோட அதே கூலியை வாங்குச்சு. தமிழ்நாட்டுல அந்த வேலைக்குப் போனவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல பொம்பளைங்கதான்.

ரசமட்டம்:

எல்லோருக்கும் நன்றி. பழைய மேஸ்திரி அண்ணே, நீங்கள் சொன்னபடியே உள்பூச்சில் ஆரம்பித்தேன். முதல் மாடியில் பூஜை அறை, ஸ்டோர் ரூம் இரண்டும். செங்கொடிக்காரி தோழி சொல்லாவிட்டால் கையாள் விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. ஒரு நிமிந்தாள் தம்பியைக் கேட்டேன், முதலில் தயங்கினான். "நம்ம அக்காதானே" என்று சட்டியைத் தூக்கிவிட்டான். இரண்டு கொத்தனார்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் யாரும் வேலையை விட்டு நிற்கவில்லை. மூத்த கொத்தனார் ஒருவர் மட்டும் உள்ளே வந்து, மூலையில் கைவைத்துத் தடவிப் பார்த்து, "இந்த மூலையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா இழுத்துவிட்டார்.

சனிக்கிழமை கூலி நோட்டில் அக்கா பூசிய இரண்டு நாளையும் கொத்தனார் பத்தியில் எழுதினேன், 1,100 என்று. கான்ட்ராக்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை நோட்டோடு போய் அவர் முன்னால் உட்காரப் போகிறேன்.