‘மென்டம்’ என்பதற்கு மோவாய்த் தகடு: பல்தகடு ஏன் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

கொசுவைப் போலத் தோன்றினாலும் கடிக்காத கைரோனோமிடே குடும்பப் பூச்சிகளின் லார்வாக்களில், தலையின் அடிப்புறத்தே அமைந்த ‘மென்டம்’ என்னும் உறுப்புக்குப் ‘பல்தகடு’ என்ற தமிழ்ச்சொல் நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளது. சொல் எளியது, நினைவில் நிற்பது. ஆனால் இனங்காணும் வேலையில் அது மாணவரை வேறோர் உறுப்பிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்பதால் என்னால் அதை ஏற்க இயலவில்லை.

குடும்பத்தை அறிவது பெரிய சிக்கலன்று. உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத கெட்டியான தலைக்கூடு, மார்பின் முதல் கண்டத்தில் ஓரிணைப் பொய்க்கால் (கால் போன்ற சதைப்புடைப்பு), உடலின் கடைக்கோடியில் மற்றோர் இணை ஆகியவை பெரும்பாலும் போதும். மீன்தொட்டிக் கடைகளில் ‘பிளட்வார்ம்’ என விற்கும் சிவப்புப் புழுவும் இக்குடும்பத்ததே. ஆனால் ஹீமோகுளோபின் தரும் அந்தச் சிவப்பு எல்லா இனங்களிலும் இல்லாததால் நிறத்தை நம்புவதற்கில்லை. பேரினத்தை அறியத்தான், தலைக்கூட்டைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தெளிவாக்கி, அடிப்புறம் மேலே தெரியும்படி கண்ணாடி வில்லையில் பதித்து, நுண்ணோக்கியில் மென்டத்தைப் பார்க்கிறோம்.

கைரோனோமஸ் பேரினத்தில் மென்டத்தின் நடுவே மூன்றாகப் பிளந்த ஒரு பல்லும் அதன் இருமருங்கும் ஆறாறு பற்களும் வரிசையாக நிற்கும். இதை மட்டும் பார்த்தவருக்குப் ‘பல்தகடு’ மிகப் பொருத்தமாகவே தோன்றும். இதே குடும்பத்தின் டானிபோடினே துணைக்குடும்பத்துக்கு வரும்போதுதான் சொல் காலை வாரிவிடுகிறது. அங்கே மென்டத்தின் பெரும்பகுதி மெல்லிய சவ்வாகவே இருக்க, கண்ணில் முதலில் படுவது ‘லிகுலா’ என்ற வேறோர் உறுப்பாகும். அத்துணைக்குடும்பத்தின் ப்ரோக்ளாடியஸ் பேரின லார்வாவில் அது கரிய நிறத்தில் ஐந்து பற்களுடன் தெளிவாகத் தெரியும். ‘பல்தகட்டைப் பார்’ என்று எழுதினால், மாணவர் தயங்காமல் இதைத்தான் பார்ப்பார். அதன்பின் அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பிழையாகும்.

ஆகவே ‘மோவாய்த் தகடு’ என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. மென்டம் என்ற இலத்தீன் சொல்லுக்கும் மோவாய் என்றே பொருள். ஆயினும் நான் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. உறுப்பு அமைந்த இடத்தைச் சொல்லும் பெயர், பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும் என்பதே முதன்மையான காரணம். ‘தாடை’ ஏற்கெனவே மேண்டிபிள் என்னும் கடிக்கும் வாயுறுப்புக்கு வழங்குகிறது. தென்மாவட்டங்களில் மோவாயை ‘நாடி’ என்பர், ஆனால் அது நாடித்துடிப்போடு குழம்பும். ‘கீழுதட்டுத் தகடு’ என்று பொருள்படும் பழைய பெயர் ஆங்கிலத்திலும் கைவிடப்பட்டுவிட்டது. 1971-இல் பூச்சியியலாளர் ஓலே சேத்தர் இக்குடும்பத்தின் உறுப்புப் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது, இவ்வுறுப்பை இரண்டு அடுக்குகள் கொண்டதாக விளக்கினார். அவற்றை ‘மோவாய் மேலடுக்கு’, ‘மோவாய்க் கீழடுக்கு’ என்று அதே வேரிலிருந்து பெறலாம்.

கீழடுக்கிலிருந்து இருபுறமும் விரியும் தகடுகளை ‘விசிறித் தகடு’ எனலாமே என்று கேட்டிருந்தீர்கள். கைரோனோமினே துணைக்குடும்பத்தில் அவை கோடுகள் நிறைந்த விசிறியாகவே தெரியும். ஆர்த்தோகிளாடினேயிலோ அவை குறுகி, கோடுகளின்றி இருக்கும். அங்கே விசிறி ஏது? ‘மோவாய்ப் பக்கத் தகடு’ இரண்டுக்கும் பொருந்தும். லிகுலாவுக்கு ‘நாத்தகடு’ என்பதே என் தெரிவு. ‘சிறுநாக்கு’ என்பது மனிதத் தொண்டையின் உள்நாக்கைக் குறிப்பதால் அதைத் தவிர்த்தேன்.