சிபிபி1 இல்லாத ஈஸ்டில் காப் தூது ஆர்.என்.ஏ உருவாகவில்லையா, நிலைக்கவில்லையா?

முதுகலை மாணவி, மார்த்தாண்டம்:
வணக்கம். உட்கரு மரபணுவான சிபிபி1 நீக்கப்பட்ட ஈஸ்ட் குளுக்கோஸில் வளர்கிறது, ஆனால் கிளிசராலில் வளர்வதில்லை. சுவாசத்திற்குத் தேவையான சைட்டோகுரோம் பி புரதத்திற்கான காப் (COB) தூது ஆர்.என்.ஏ அதன் மைட்டோகாண்ட்ரியாவில் காணப்படுவதில்லை. அது படியெடுக்கப்படவே இல்லையா, படியெடுத்தபின் சிதைகிறதா? எந்தச் சான்றைக் கொண்டு பிரித்தறிவது?

உயிர்வேதியியல் ஆசிரியர், தக்கலை:
சிதைகிறது என்பதே விடை, அம்மா. குளுக்கோஸில் அது பிழைப்பதில் வியப்பில்லை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அக்கானியை (பதநீரை)க் கள்ளாக்கும் ஈஸ்டைப் போல, சர்க்கரை உள்ளவரை நொதித்தலே அதற்குப் போதும். கிளிசராலுக்குச் சுவாசம் வேண்டும்.

காப் தனியாகப் படியெடுக்கப்படுவதில்லை. அதற்கு முன்னுள்ள குளூட்டமிக் அமிலக் கடத்து ஆர்.என்.ஏவும் அதே நீண்ட படியில் வருகிறது. சிபிபி1 இல்லாத செல்லிலும் அந்தக் கடத்து ஆர்.என்.ஏ உருவாகிறது, காப் பகுதி மட்டுமே மறைகிறது. இதைவிட அழுத்தமான சான்றாக நான் கருதுவது வேறு. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ மறுசீரமைந்து, காப் மரபணுவின் 5′ தலைப்பகுதி (ஆர்.என்.ஏவின் தொடக்க முனைப் பகுதி) இருந்த இடத்தில் ஏடிபி9 என்ற வேறொரு மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் தலைப்பகுதி வந்து சேர்ந்த வகைகளில், சிபிபி1 இல்லாமலேயே காப் ஆர்.என்.ஏ நிலைத்து, சுவாசமும் மீள்கிறது. ஆகவே சிபிபி1 புரதம் பாதுகாப்பது அந்தத் தலைப்பகுதியைத்தான். அதிலுள்ள சி-சி-ஜி என்ற மூன்று காரங்களை மாற்றினால், சிபிபி1 இருந்தும் ஆர்.என்.ஏ நிலைப்பதில்லை.

முதுகலை மாணவி, மார்த்தாண்டம்:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் சிதைவைத் தடுப்பது மட்டும்தான் சிபிபி1-இன் பணியா?

ஆய்வாளர், நாகர்கோவில்:
இல்லை. காப் ஆர்.என்.ஏவின் புரதமாக்கத்திற்கும் சிபிபி1 தேவை. காக்ஸ்1 என்ற மற்றொரு மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் ஆர்.என்.ஏவிற்குப் பெட்309 என்ற புரதம் இவ்விரு பணிகளையும் செய்கிறது. சிபிபி1, பெட்309 இரண்டுமே ஆர்.என்.ஏவைப் பற்றும் பி.பி.ஆர் குடும்பப் புரதங்கள். ஆசிரியர் கூறியது 5′ முனையைப் பற்றியது. 3′ முனையில், அதாவது ஆர்.என்.ஏவின் இறுதி முனையில், பன்னிரண்டு நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒரு வரிசை ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவின் பெரும்பாலான தூது ஆர்.என்.ஏக்களுக்குப் பொதுவாக உள்ளது. அதைப் பற்றிக்கொண்டு காப்பது ஆர்.எம்.டி9 என்பது 2021-இல் வெளிவந்த கட்டமைப்பு ஆய்வில் தெளிவாயிற்று. அதுவும் உட்கருவிலிருந்து வரும் புரதமே. எதிர்ப்பக்கத்தில், சிதைக்கும் நொதிகளில் சுவ்3 என்பது ஆர்.என்.ஏவின் மடிப்பைப் பிரிக்க, டிஎஸ்எஸ்1 என்பது அதை 3′ முனையிலிருந்து அரிக்கிறது.

நீங்கள் நார்தர்ன் பிளாட் (ஆர்.என்.ஏவைப் பிரித்துக் கண்டறியும் சோதனை) செய்வதாயின், காப் ஆர்.என்.ஏவுடன் குளூட்டமிக் அமிலக் கடத்து ஆர்.என்.ஏவிற்கும் ஒரு புரோப் (அதனுடன் இணைந்து அடையாளம் காட்டும் துண்டு) வையுங்கள். முன்னது மறைந்து பின்னது தெரிந்தால், படியெடுத்தல் தொடங்கி நடந்திருக்கிறது என்பதை உங்கள் மாதிரியிலேயே காணலாம்.