‘மறுசெய்கைத் தோராய உச்சங்காணல்’: இதைவிட நல்ல சொல் கிடைக்குமா?

> ஒரு சார்பின் பெருமத்தை நேரடியாகத் தீர்க்க வழியில்லாதபோது, ஓர் எண்ணைப் போட்டு, வருகிற விடையைத் திரும்பவும் உள்ளே போட்டு நெருங்குகிறோமே, அதை ‘மறுசெய்கைத் தோராய உச்சங்காணல்’ எனலாமா? கல்லூரி முதலாண்டுக் குறிப்பு ஒன்றுக்காகக் கேட்கிறேன்.

வணக்கம் ஐயா,

சொல் நீளமாக இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. மூன்று துண்டுகளுமே வேறு எதையோ சொல்கின்றன என்பதுதான் சிக்கல். ஓர் உண்மையான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது விளங்கும்.

சூடான பொருள் எந்த அலைநீளத்தில் மிக அதிகமாகக் கதிர்வீசுகிறது? பிளாங்க் 1900-இல் தந்த சூத்திரத்தை அலைநீளத்தைப் பொறுத்து வகையிட்டுச் சுழிக்குச் சமப்படுத்தினால், குப்பையெல்லாம் நீங்கி இவ்வளவுதான் மிஞ்சும்:

ப = 5 × (1 − 2.71828…-இன் ‘எதிர் ப’ அடுக்கு)

இங்கே ப என்பது பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கி, அதைப் போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை, அலைநீளம் மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் வருவது. பார்க்க எளிய சமன்பாடு. ஆனால் பள்ளியில் படித்த எந்த வித்தையாலும் ப-வைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. (இத்தகைய சமன்பாடுகளின் தீர்வுக்கென்றே வகுத்த லாம்பர்ட் சார்பு இருக்கிறதே என்று யாராவது எழுதுவீர்கள். இருக்கிறது. அதன் மதிப்பையும் கணினி உள்ளுக்குள் இப்படித்தான் கண்டுபிடித்துத் தருகிறது.)

சரி, கைபேசிக் கால்குலேட்டரை எடுங்கள். ப-வுக்கு 5 கொடுத்தால் அடுக்கு 0.0067379. அதை 1-இலிருந்து கழித்து 5-ஆல் பெருக்கினால் 4.96631. இந்த விடையைத் திரும்ப உள்ளே போட்டால் 4.965156. அப்புறம் 4.965116. அப்புறம் 4.965114. அதற்குமேல் எத்தனை முறை போட்டாலும் ஆறு தசம இடம் வரை அசையாது. பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கிப் போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால் வரும் 14.38777 மில்லிமீட்டர்-கெல்வினை இந்த எண்ணால் வகுத்தால் 2.89777 வருகிறது. வீனின் இடப்பெயர்ச்சி மாறிலி இதுதான்; இதை வெப்பநிலையால் வகுத்தால் உச்ச அலைநீளம். சூரியனின் 5772 கெல்வினுக்கு உச்ச அலைநீளம் ஏறக்குறைய 502 நானோமீட்டர்.

இப்போது ‘தோராயம்’ என்ற சொல்லுக்கு வருவோம். கல்யாணத்துக்குத் தோராயமாக எத்தனை பேர் வருவார்கள் என்று சமையல்காரர் கேட்கிறாரே, அந்தத் தோராயம் நம் காதில் ஊறிப்போன ஒன்று. முன்னூறு என்றால் முன்னூற்றைம்பதும் இருக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மேலே செய்த கணக்கில் அந்தத் தளர்ச்சி இல்லை. பத்து இலக்கம் வேண்டுமென்றால் இன்னும் சில சுற்று போதும். பிழை எவ்வளவு என்பதும் நம் கையில்: இந்தச் சமன்பாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் அது முந்தையதில் ஏறத்தாழ 0.035 மடங்காகச் சுருங்குகிறது. அதிர்வெண்ணைப் பொறுத்துப் பெருமம் தேடினால் 5-க்குப் பதில் 3 வரும். அப்போது விடை 2.821439, சுருக்கம் சுற்றுக்கு 0.18 அளவு. அங்கே மெதுவாக நகரும், ஆனாலும் போய்ச் சேரும். இதைத் ‘தோராயம்’ என்று அழைத்தால் மாணவர் ‘குத்துமதிப்பு’ என்றே புரிந்துகொள்வார். ‘தோராய மதிப்பு’ பாடநூலில் நிலைத்த சொல், அது இருக்கட்டும். முறையின் பெயரில் அது வேண்டாம்.

அடுத்து ‘மறு’. மறுதேர்வு, மறுகூட்டல், மறுவாக்குப்பதிவு எல்லாமே முதல் தடவை சரியில்லை, அதனால் இன்னொரு தடவை என்ற பொருளில் வருபவை. இங்கே முதல் சுற்று வீணாகவில்லை. அதன் விடைதான் இரண்டாம் சுற்றின் மூலப்பொருள். ‘சுழற்சி’யும் பொருந்தாது. மேனிலைக் கணினிப் பாடநூலில் அது இருக்கிறது என்பது தெரியும். ஆனால் சமன்பாட்டின் தீர்வைத் தொடுகோடு போட்டுப் போட்டுத் தேடும் நியூட்டன் முறையில் சில தொடக்க எண்களுக்கு விடைகள் இரண்டு எண்களுக்கிடையே மாறி மாறி ஓடி, எங்கும் சேராமலே போவது உண்டு. அந்தக் கோளாறுக்குத்தான் ‘சுழற்சி’ என்ற சொல் தேவைப்படும், இப்போதே செலவழித்துவிட வேண்டாம். ‘மடக்கு’ என்றால் பக்கத்திலேயே ‘மடக்கை’ (log) உட்கார்ந்திருக்கிறது, குழப்பம் வரும்.

மூன்றாவது ‘உச்சம்’. இதில்தான் எனக்கு அதிக வருத்தம். உச்சம் என்பது பெருமம் அமையும் இடமா, அங்கே சார்பின் மதிப்பா? சும்மா பேசும்போது இரண்டும் ஒன்றுதான். எண் முறையில் இரண்டுக்கும் துல்லியமே வேறு. பெருமத்தை ஒட்டிச் சார்பு தட்டையாகக் கிடக்கும். இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் மதிப்பில் பிசகு பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். மதிப்பைக் கேட்பவருக்கு இது வரம், இடத்தைக் கேட்பவருக்குத் தலைவலி. 1953-இல் ஜாக் கீஃபர் வெளியிட்ட பொன்விகிதத் தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். வகைக்கெழுவை, அதாவது சார்பு மாறும் வீதத்தை, தொடாமல், சார்பின் மதிப்புகளை மட்டும் ஒப்பிட்டு, இடைவெளியை ஒவ்வொரு படியிலும் 0.618 மடங்காகக் குறைத்துக்கொண்டே போகும் முறை. பதினாறு இலக்கம் வரை கணக்கிடும் கணினியிலும் அது இடத்தை எட்டு இலக்கம் வரைதான் நம்பும்படி சொல்லும். அதற்கப்பால் பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் எல்லாம் கணினிக்கு ஒன்றாகிவிடும், எதை எதோடு ஒப்பிடுவது? ஆகவே ‘பெருமப் புள்ளி’, ‘பெரும மதிப்பு’ என்று பிரித்தே எழுதுவோம்.

‘காணல்’ என்ற வால் பற்றியும் ஒரு சொல். நியூட்டன் முறையை வகைக்கெழுவின் மீது ஏவினால் அது வகைக்கெழு சுழியாகும் இடத்தைக் கொண்டுவரும். அது பெருமமா சிறுமமா என்று அதற்குத் தெரியாது. இரண்டாம் வகைக்கெழுவின் குறியைப் பார்த்து நாம்தான் சொல்ல வேண்டும். தாமஸ் சிம்ப்சன் 1740-லேயே இந்த முறையைப் பெருமம், சிறுமம் காணப் பயன்படுத்தலாம் என்று எழுதிவிட்டார். கருவி பழையது, கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் கவிழ்ப்பதும் பழையது.

என் முன்மொழிவு: ‘படிநெருங்கல்’. படி உண்டு, நெருங்குவதும் உண்டு. வினையாகவும் வளையும்: ‘5-இலிருந்து படிநெருங்கினால்’, ‘நான்காம் படியில்’. ‘படிநெருக்கம்’ வேண்டாம். நெருக்கம் என்றால் பேருந்துதான் நினைவுக்கு வரும்.

*

வணக்கம் ஐயா,

இலங்கையில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். எங்களிடம் மதிப்புக்குப் பெறுமானம், தோராயத்துக்கு அண்ணளவு, பெருமத்துக்கு உயர்வு என்று வழங்கும். இந்த வேறுபாடு பரவாயில்லை, பிள்ளைகள் இரண்டையும் வாசித்து விளங்கிக்கொள்கிறார்கள். எனக்குள்ள தயக்கம் ‘நெருங்கல்’ பற்றியது. நெருங்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

நீங்கள் தந்த அதே சமன்பாட்டை மறுபக்கமாகத் திருப்பி எழுதுங்கோ. ப-வை 5-ஆல் வகுத்து, 1-இலிருந்து கழித்து, இயற்கை மடக்கை எடுத்து, குறியை மாற்றினால் அடுத்த ப. சமன்பாடு ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். விடைக்குப் பக்கத்திலேயே 4.96-இல் தொடங்கிப் பார்த்தேன். 4.828 வந்தது. பிறகு 3.37, பிறகு 1.12, பிறகு 0.25. நேரே பூச்சியத்தை நோக்கி ஓடுகிறது. ப = 0 உம் அந்தச் சமன்பாட்டின் ஒரு தீர்வுதான், ஆனால் உங்கள் உயர்வுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. சரி என்று 4.97-இல் தொடங்கினால் முதற்படியில் 5.116. அடுத்த படியில் மறை எண்ணுக்கு மடக்கை கேட்கிறது, கணிப்பான் பிழை என்று நின்றுவிட்டது.

செயல் ஒன்றே, முதலாவது நெருங்கியது, இரண்டாவது விலகி ஓடியது. இரண்டுக்கும் பொதுவாய் ஒரு பெயர் வேண்டும் அல்லவா? ‘படிநெருங்கல் விலகிச் சென்றது’ என்று கரும்பலகையில் எழுத எனக்குக் கை வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள்.

*

அம்மா,

இது செல்லும். அந்த எடுத்துக்காட்டுக்குப் பிறகு ‘நெருங்கல்’ என்பதைச் செயலின் பெயராக வைக்க முடியாது, விளைவின் பெயராகத்தான் வைக்கலாம். திருப்பி எழுதிய வடிவத்தில், விடைக்கு மிக அருகில், பிழை ஒவ்வொரு படியிலும் 28 மடங்குக்கு மேல் பெருகுகிறது. முன்னே 0.035 மடங்கு என்று சொன்னேனே, அதன் தலைகீழ்தான் இது. ஒரே சமன்பாட்டை எந்தப் பக்கமாக எழுதுகிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. குறிப்பில் உங்கள் நான்கு எண்களையும் அப்படியே சேர்க்கச் சொல்லலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் திணிப்பதை விட்டுவிடுவோம். விடையைத் திரும்ப உள்ளே போடும் செயல் ‘தொடர்செய்கை’, அது எங்கே போனாலும் சரி. விடையை நோக்கிப் போனால் அது நெருங்குகிறது, போகாவிட்டால் விலகுகிறது. இவை வெறும் வினைகளாகவே இருக்கட்டும், கலைச்சொல்லாக்கத் தேவையில்லை. மொத்தப் பணிக்குப் ‘பெருமத்தேடல்’. தேடினால் கிடைத்தே ஆக வேண்டும் என்று தமிழில் யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆகவே பொன்விகிதத் தேடலும் நியூட்டன் முறையும் இரண்டும் இதற்குள் அடங்கும். கீழே இறங்கும் கணக்குகளுக்குச் ‘சிறுமத்தேடல்’. இயந்திரக் கற்றல்காரர்கள் இரவு பகலாகச் செய்வது அதைத்தான்.

கேட்ட நண்பருக்கு: உங்கள் தலைப்பு ‘தொடர்செய்கை வழிப் பெருமத்தேடல்’ என்று ஆகும். உள்ளே ஒரு வரி மட்டும் கட்டாயம் சேருங்கள்: தேடல் முடிந்ததும் இரண்டாம் வகைக்கெழுவின் குறியைச் சரிபார்க்க வேண்டும், கிடைத்தது இடஞ்சார்ந்த பெருமமா முழுமைக்குமான பெருமமா என்றும் பார்க்க வேண்டும். தொடங்கும் எண்ணுக்குத் ‘தொடக்க ஊகம்’ என்று போடலாம். எனக்கு அதில் மறுப்பில்லை. அம்மாவின் வகுப்பில் அதற்கு என்ன சொல் வழங்குகிறது என்று தெரிந்தால் அதையும் அருகில் இடலாம்.