புதுப்பிப்பு: கொடுவா மீனின் வெளிறிய ஈரல்

நீர்கொழும்புக் களப்பில் மாமா கொடுவா வளர்க்கிறார், தீன் விலை தாங்காமல் கோதுமை மாவும் கலந்து போட்டார், வெள்ளவத்தை வீட்டில் அந்த மீனை வெட்டினால் ஈரல் வெண்ணெய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது, நோயா என்று கேட்டிருந்தேன். சரி, விசாரித்ததில் சந்தேகம் மாவின் மேல்தான்.

கொடுவா இரை பிடித்துத் தின்னும் மீன், புரதத்தில் ஓடப் பழகிய உடம்பு. மாச்சத்து கூடினால் இரத்தத்தில் ஏறிய சீனி மணிக்கணக்காக இறங்காது (எங்கள் வீட்டுப் பெரியவர்களின் நீரிழிவு மாதிரித்தான்). இத்தனைக்கும் இன்சுலின் இருக்கிறது, ஆனால் ஈரல் தானாகக் குளுக்கோஸ் செய்வதைச் சரியாக நிறுத்தாது; மிச்சம் கிளைக்கோஜனாகவும் (உடம்பு சேமித்து வைக்கும் சீனி) கொழுப்பாகவும் அங்கேயே குவியும்.

மாவே கூடாது என்றில்லை. மிதக்கும் தீன் பொரியவும் உடையாமலிருக்கவும் அது வேண்டும், ஆனால் இந்த மாதிரி மீன்களுக்கு தீனில் 20 வீதத்தைத் தாண்டாதே என்பார்கள். பச்சை மா பாதி சமிக்காமலே கழிவாகப் போகும், வெந்தது நன்றாகச் சமிக்கும், அதனால் சீனியும் கூட ஏறும். மாமாவோ நல்லது செய்வதாக நினைத்து களியாகக் கிண்டிப் போட்டிருக்கிறார்!

மா நிறுத்தி ஏழு கிழமை. நேற்று வெட்டிய மீனில் ஈரல் சின்னன், நிறமும் சிவப்புப் பக்கம் திரும்பியிருக்கிறது. மாமா மட்டும் இன்னும் தீன் பில்லைத்தான் காட்டுகிறார்.